டஸ்டரின் சேற்று டயர், க்ரெட்டாவுக்குப் புது ரிம்: மழைக்காலத்துக்கு ஒரு தனி செட்

என் டஸ்டர் காரை விற்றபோது அதில் இருந்த நான்கு ஏ.டி. டயர்களை (ஆல் டெரெய்ன், கரடுமுரடான பாதைக்கும் சேற்றுக்குமான டயர்) மட்டும் நான் விடவில்லை. வாங்க வந்தவருக்கு அலாய் ரிம் வேண்டும். டயர் எதுவானாலும் சரி என்றார். அதனால் ரிம்மில் சாதா டயர்களைப் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டு, சேற்றுக்கென்றே வாங்கிய நான்கையும் கழற்றி வீட்டில் வைத்தேன். அளவு 215/65 ஆர்16, அதாவது அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டி, 7 மி.மீ. ஆழம் இருந்தது. பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3522, அதாவது 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானவை. இவ்வளவு உயிர் இருக்கும் டயரைப் பாதி விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

டஸ்டரை விற்கும் முன்பே வந்திருந்தது ஒரு பழைய க்ரெட்டா கார், முதல் தலைமுறை, மேல் ரகம். 17 அங்குல அலாய், 215/60 ஆர்17 டயர். தார் ரோட்டில் அருமையான வண்டி. ஆனால் என் தொழில் பம்ப்செட். திருத்துறைப்பூண்டியில் கடை, வேலையெல்லாம் முள்ளியாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு பக்கத்து வயல்களிலும், தெற்கே இடும்பாவனம், வேதாரண்யம் பக்கத்துத் தோப்புகளிலும். மோட்டார் நின்றுவிட்டால் விவசாயிகள் கூப்பிடுவது பெரும்பாலும் மழையில்தான். தண்ணீர் வடியாமல் பயிர் மூழ்கிக் கிடக்கும்போது இறைக்கிற இன்ஜின் நின்றால், மறுநாள் வருகிறேன் என்று சொல்ல முடியாது.

இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடையில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விடலாம். அதே மண் ஐப்பசி மழையில் ஊறினால் பசையாகிவிடும். களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆற்றங்கரைப் பாதையில் கப்பி போட்டிருந்தாலும் மேலே ஒரு விரல்கடை சேறு படிந்தால் போதும், சாதா டயருக்குப் பிடி இருக்காது. இது போதாதென்று, சம்பா நடவு நேரத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறி வரும். தார் ரோட்டின் மேலேயே களிக்கட்டிகளை உதிர்த்துக்கொண்டு போகும். லேசாகத் தூறல் விழுந்தால் அந்த இடம் எண்ணெய் கொட்டியது மாதிரி ஆகிவிடும். டெல்டாவில் மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வளைவில் கட்டி கிடந்தால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும்.

ஜெர்மனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வருடத்துக்கு இரண்டு செட் டயர் வைத்திருக்கிறான். அக்டோபரில் பனிக்கால டயரை மாட்டி, ஈஸ்டருக்குக் கழற்றுவது அங்கே வழக்கம். பலர் ரிம்மோடு இரண்டு செட் வைத்திருப்பார்களாம். டயரைப் பிரித்துப் பிரித்து மாட்டினால் ஓரம் கெடும் என்பதும், வீட்டிலேயே ஜாக்கி போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் காரணம். அந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. டயர் விஷயத்தில் அவனுடையது நமக்கு உதவாது. பனிக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருப்பதற்காகச் செய்தது. நம் வெயிலில் அது குழைந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். என் ஏ.டி. டயரில் எம் பிளஸ் எஸ் என்ற முத்திரை இருக்கிறது. 'மட் அண்ட் ஸ்னோ' என்பதன் சுருக்கம். அந்த முத்திரை மட்டும் இருந்தால் 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் பனிக்கால டயராக ஏற்க மாட்டார்கள். மலையும் பனிச்செதிலும் போட்ட குறி வேண்டும். நமக்கு அதில் சேறு பாதி போதும்.

ஆகவே திட்டம் இதுதான்: ஐப்பசிக்கு முன்னால் ஏ.டி. செட், தை அறுவடைக்குப் பிறகு 17 அங்குல செட். இரண்டும் தனித்தனி ரிம்மில்.

முதலில் எல்லோரும் கேட்டது, டஸ்டர் ரிம்மையே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று. இரண்டு வண்டிக்கும் ஐந்து நட்டு, அவை அமரும் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 114.3 மி.மீ. ஒரே அளவுதான். ஆனால் பி.சி.டி. ஒத்துப்போனால் ரிம் பொருந்திவிடும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. ரிம்மின் நடு ஓட்டை டஸ்டருக்கு 66.1 மி.மீ., க்ரெட்டாவில் ரிம் உட்காரும் ஹப்போ 67.1 மி.மீ. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். விற்பதற்கு முன்னால் இதை மாட்டியே பார்த்தேன். நட்டு மாட்டும் ஸ்டட் ஐந்தும் ஓட்டையில் அழகாக நுழைந்தன. ரிம்மை உள்ளே தள்ளினால் ஹப்பின் உதட்டில் முட்டி நின்றது. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் ரிம்முக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அந்த நிலையில் ஒருவர் நட்டைப் போட்டு பலமாக முறுக்கினால், ரிம் இறுகிவிட்டது என்றுதான் கைக்குத் தோன்றும். முகத்தோடு முகம் உட்காராத ரிம் ஓட ஓடத் தளரும். நட்டு கழன்றுவிடும், இல்லை ஸ்டட் முறியும்.

லேத் பட்டறை அண்ணனிடம் காட்டினேன். "அரை அரை மில்லி கடைஞ்சு விட்டா ஏறிடும் தம்பி, பத்து நிமிச வேலை" என்றார். கை சுத்தமான ஆள். என் மோட்டார் ஷாஃப்ட் எல்லாம் அவர்தான் கடைகிறார். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓட்டையைப் பெரிதாக்குவது கஷ்டமில்லை. அந்த ஓட்டையின் மையமும் டயர் உட்காரும் வட்டத்தின் மையமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பிடித்துக் கடைய அந்த அளவுக்கு சக் வேண்டும், அளந்து பார்க்க டயல் கேஜ் வேண்டும். அது தவிர, ஓரத்தைச் சுரண்டிய வார்ப்பு ரிம்மில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை.

வெளிச் சந்தை அலாய் இன்னொரு வழி. அவற்றில் பலவற்றுக்கு நடு ஓட்டை 73.1 மி.மீ. வைத்து, வண்டிக்குத் தகுந்த வளையம் போட்டுச் சரிக்கட்டுவார்கள். வளையம் சரியான அளவாக இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது இரும்பு ரிம். மதகு ஓரத்துக் கருங்கல்லில் இடித்தால் அலாய் விரிசல் விடும், இரும்பு நெளியும். நெளிந்ததை ஓரளவு தட்டிச் சரிசெய்து அன்றைக்கு வீடு வந்து சேரலாம். சேற்றுக்கென்று தனி செட் போடுகிறவருக்கு அழகு எதற்கு?

அளவு முடிவு செய்ய உதவியது வண்டியின் ஸ்டெப்னி. மேல் ரக க்ரெட்டாவில் நான்கு சக்கரமும் 17 அங்குலமாக இருந்தாலும் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி 16 அங்குல இரும்பு ரிம், 205/65 ஆர்16. கீழ் ரக க்ரெட்டா நான்கு சக்கரத்திலும் ஓடுவது இதே அளவில்தான். அப்படியென்றால் 16 அங்குல ரிம் என் முன் பிரேக்கைத் தாண்டி உட்காருமா என்ற கேள்விக்குப் பதில் டிக்கியிலேயே இருக்கிறது. ஸ்டெப்னியை எடுத்து முன்பக்கம் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தேன். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி தாராளம். பின்பக்கமும் அப்படியே. ரிம்மின் முதுகில் 6.0ஜே×16 என்று அச்சு இருந்தது, அதாவது அகலம் 6 அங்குலம், விட்டம் 16 அங்குலம். 215/65 டயருக்கு 6 முதல் 7.5 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் போடலாம். ஆகவே இது கீழ் எல்லையில் நிற்கிறது, எல்லைக்குள்தான். ரிம் அரை அங்குலம் குறுகினால் டயரின் வயிறு சுமார் 5 மி.மீ. ஒடுங்கும். சஸ்பென்ஷன் பக்கம் உரசுமோ என்ற கவலைக்கு அதுவும் சாதகம்.

அப்புறம் விட்டம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் டயர் மாற்றவே கூடாது. கணக்கு எளிது: அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச்சுவர் உயரம், அதை இரட்டித்து ரிம்மின் விட்டத்தைக் கூட்ட வேண்டும், ஓர் அங்குலம் 25.4 மி.மீ. கம்பெனி 17 அங்குல செட்டுக்கு 689.8 மி.மீ. வருகிறது. கம்பெனி 16 அங்குலத்துக்கு 672.9. என் ஏ.டி. டயருக்கு 685.9. கம்பெனியே இதே மாடலுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு விட்டத்துக்கும் நடுவில் இது விழுகிறது. 17 அங்குல செட்டோடு ஒப்பிட்டால் 0.6 சதவீதம்கூடக் குறையவில்லை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் உண்மையில் 99.4. வண்டி தரையிலிருந்து இரண்டு மி.மீ. தாழ்கிறது, 190 மி.மீ. இடைவெளியில் அது ஒன்றும் இல்லை. கிடைப்பது என்னவென்றால், பக்கச்சுவர் 129-இலிருந்து 139.75 மி.மீ. ஆகிறது. ஏறக்குறைய 11 மி.மீ. கூடுதல் ரப்பர், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில். எனக்கு இந்த வேலையில் பெரிய லாபம் பட்டனைவிட இதுதான்.

பாரம் தாங்கும் எண்ணும் பார்த்தேன். 17 அங்குல டயரில் 96, அதாவது ஒரு டயருக்கு 710 கிலோ. ஏ.டி. டயரில் 98, அதாவது 750 கிலோ. கூடுதலாக இருப்பது நல்லது. டிக்கியில் மோட்டாரும் சாமானும் எப்போதும் கிடக்கும்.

ஒரு விஷயம் சட்டம் சம்பந்தப்பட்டது. 16 அங்குல ரிம்முக்குக் கம்பெனி எழுதியிருப்பது 205/65; நான் போடுவது 215/65. வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு பேசுகிறது. விபத்து நடந்த பிறகு டயர் அளவைக் காட்டி இன்சூரன்ஸ் தகராறு வரக் கூடாது என்பதால், அளவையும் விட்டக் கணக்கையும் எழுதி முன்கூட்டியே இன்சூரன்ஸ் பக்கம் அனுப்பிவிட்டேன். எழுத்தில் பதில் வந்த பிறகுதான் ரிம்முக்கு ஆர்டர் கொடுத்தேன். இதைச் செய்யச் சோம்பல் படாதீர்கள்.

ரிம் திருச்சியிலிருந்து வந்தது. கீழ் ரக க்ரெட்டாவின் அசல் இரும்பு ரிம் நான்கு. இது ஒரே மாடலின் ரிம் என்பதால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் தள்ளி நிற்கும் அளவு) பற்றிய தலைவலி குறைவு. இருந்தும் வந்தவுடன் ஸ்டெப்னியோடு வைத்து அளந்தேன். உள் ஓரத்தின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை ஸ்கேலை இறக்கினால் எவ்வளவு என்று தெரியும். ஐந்து ரிம்மும் ஒரே அளவு காட்டின. நடு ஓட்டைக்கு வெர்னியர் வைத்தேன். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே டயரை ஏற்ற வேண்டும். டயர் ஏறிய ரிம்மைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

எங்கள் பக்கம் கடல் காற்று. அகஸ்தியம்பள்ளி உப்பளம் பக்கம் போய் வந்தால் வண்டியின் அடிப்பகுதி வெள்ளையாகப் பூத்துவிடும். ரிம் வந்த பெயின்டோடு அப்படியே மாட்டினால் இரண்டே மழையில் மடிப்பு விளிம்பில் துரு பிடிக்கும். ஆகவே உள் பீப்பாய்க்கும், வெல்டிங் ஓடும் மடிப்புக்கும் எப்பாக்ஸி பிரைமரும் கறுப்பும் அடித்தேன். இரண்டு இடத்தில் பெயின்ட் படவே கூடாது: ஹப்போடு ஒட்டும் முகம், நட்டு உட்காரும் கூம்புக் குழி. அங்கே பெயின்ட் கனமாக இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். அந்த இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் அடித்தேன்.

டயரை ஏற்றியது மன்னார்குடி ரோட்டில் இருக்கும் பஞ்சர் கடை அண்ணன். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு டயரையும் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றில் பழைய ஆணிக் குத்து. வெளியிலிருந்து திரி சொருகியது மட்டும்தான் இருந்தது. "இதை இப்படியே விடக்கூடாது தம்பி, உள்ள குடை வச்சு ஒட்டிருவோம்" என்று, உட்புறத்தைத் தேய்த்து, குடைக் காம்பு மாதிரி இருக்கும் பேட்சைப் போட்டு அடைத்தார். குத்து பட்டன் பகுதியில் இருந்ததால் பரவாயில்லை. பக்கச்சுவரில் இருந்திருந்தால் அந்த டயர் அன்றே கழிந்திருக்கும்.

வால்வு நான்கும் புதிது, ரப்பர் வால்வு. பழைய வால்வைக் காப்பாற்றி மிச்சப்படுத்துவதில் அர்த்தமே இல்லை. என் வண்டியில் சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சார் கிடையாது. சென்சார் வால்வோடு சேர்ந்து வரும் வண்டியாக இருந்தால், இரண்டாவது செட்டுக்கும் சென்சார் வாங்கி வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மழைக்காலம் முழுவதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வாங்கும் முன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் ஓரத்துக்கு, பீடிங்குக்கு, சோப்புத் தண்ணீர்தான். கிரீஸ், டீசல் தடவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரப்பருக்கு அது விஷம். அதோடு, வழுக்கல் உள்ளேயே தங்கிவிட்டால் பிரேக் போடும்போது ரிம் நிற்க, டயர் அதன் மேல் வழுக்கி முன்னே ஓடும். காற்று ஏற்றும்போது 'டொப்' என்று இரண்டு தடவை சத்தம் வர வேண்டும், உள் ஓரம் ஒன்று, வெளி ஓரம் ஒன்று. 40 பி.எஸ்.ஐ. தாண்டியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்பு போட வேண்டும். மேலே மேலே ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. உட்கார்ந்த பிறகு, டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று அண்ணன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது டயரில் ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தது. காற்றை முழுக்க விட்டு, அந்த இடத்துக்கு மட்டும் சோப்பு தடவி மறுபடி ஏற்றினார். சரியாக வந்தது. இந்த ஒரு பார்வையை விட்டுவிட்டால் அப்புறம் எந்த மெஷினில் பேலன்சிங் போட்டாலும் வண்டி ஆடும்.

பேலன்சிங்குக்கு இரும்பு ரிம்மில் விளிம்பில் அடிக்கும் எடை போட்டார்கள். ஒட்டு எடை அலாய்க்குச் சரி, சேற்றில் கழன்றுவிடும்.

வண்டியில் மாட்டும் வேலையை என் பட்டறையில் நானே செய்தேன். ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பிக் கை வைக்கக் கூடாது. அலாயைக் கழற்றியதும் ஹப் முகத்தில் துரு வளையம். கம்பி பிரஷ் போட்டு மினுக்கும் வரை தேய்த்தேன். ஹப்பின் உதட்டில் மட்டும் விரல் நுனி அளவு கிரீஸ், அடுத்த முறை ரிம் ஒட்டிக்கொள்ளாமல் வருவதற்கு. ஸ்டட்டின் மரையில் கிரீஸ் படக் கூடாது. மரை வழுக்கினால் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரென்ச் சொல்லும் அளவும் உண்மையான இறுக்கமும் வேறாகிவிடும்; நட்டு தேவைக்கு மேல் இழுக்கும்.

க்ரெட்டா நட்டு எம்12, மரை இடைவெளி 1.5 மி.மீ., தலை 21 மி.மீ., அடி கூம்பு. அலாய்க்கும் கம்பெனி இரும்பு ரிம்முக்கும் ஒரே நட்டுதான். ஸ்டெப்னி மாட்டும்போதும் அதே நட்டைத்தானே போடுகிறோம். வெளிச் சந்தை அலாய் வாங்கினால் அடி வேறாக இருக்கலாம். கேட்டு வாங்க வேண்டும். ஐந்து நட்டையும் முதலில் கையாலேயே கடைசி வரை ஓட்டினேன். பிறகு ஒன்றைவிட்டு ஒன்றாக, நட்சத்திரம் போடுவது போல் எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கிய பின் டார்க் ரென்ச்சில் 11 கிலோகிராம்-விசை மீட்டர், அதாவது சுமார் 108 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் 'டுர்ர்' என்று அடித்துவிடுவதை நான் சம்மதிப்பதே இல்லை. அதிகமாக இறுக்கினால் பிரேக் டிஸ்க் கோணும். அவசரத்தில் நடுவழியில் கழற்ற வேண்டி வந்தால் வண்டியில் இருக்கும் சின்ன ஸ்பேனரால் ஒரு மனிதனால் முடியாது. முறுக்கிய பிறகு நட்டிலிருந்து ரிம்முக்கு ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டுவிட்டேன். கோடு பிசகினால் நட்டு அசைந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தேன். பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, டிக்கியில் ஒரு ஐந்து எச்.பி. மோட்டாரையும் ஏற்றி, வேகத்தடையில் இறக்கிப் பார்த்தேன். மட்கார்டு லைனரில் சுண்ணாம்புக் கட்டியால் பூசி வைத்திருந்தேன். எங்கேயும் உரசல் தடம் இல்லை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி டார்க் பார்த்தேன். இரும்பு ரிம் புதிதாக உட்காரும்போது கொஞ்சம் இறங்கும். பின் இடதில் இரண்டு நட்டு இம்மி அளவு திரும்பின. இந்த மறுபார்வை கட்டாயம்.

ஓட்டத்தில் எப்படி? தார் ரோட்டில் 60-ஐத் தாண்டினால் ஒரு ஊளைச் சத்தம் வருகிறது. ஸ்டியரிங் முன்பைவிடச் சற்று மந்தம். நனைந்த தாரில் பிரேக் தூரம் சாதா டயரைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். அந்த விலையை நான் தெரிந்தே கொடுக்கிறேன்.

கரைப் பாதையில் அது திரும்பக் கிடைத்துவிடுகிறது. தலைஞாயிறு பக்கம், அடைமழை விட்ட மறுநாள், மதகு தாண்டி வயலுக்கு இறங்கும் சரிவு. டிராக்டர் போட்ட தடத்தில் தண்ணீர் நிற்கிறது. தடத்துக்குள் இறங்காமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடு மேட்டிலும், மறுபக்கத்தைப் புல் ஓரத்திலும் வைத்து, இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டாமல் குறைக்காமல் போனேன். முன் சக்கரம் ஒரு முறை வழுக்கிப் பிடித்தது. மோட்டார் கொட்டகை வரை போய் நின்றதும் அந்த வயல்காரர் சொன்னார்: "வண்டிய மதகுலயே விட்டுட்டு மோட்டாரத் தூக்கிட்டு வருவீங்கன்னு ஆள் சொல்லி வச்சிருந்தேன் தம்பி." எண்பது கிலோ மோட்டாரை இரண்டு பேர் மூங்கிலில் கட்டி வரப்பில் தூக்கி வருவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மதிப்பு புரியும்.

ஆனால் இதை வைத்து எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏ.டி. டயர் கப்பியோடு கலந்த சேற்றில் நன்றாகப் பிடிக்கும். முழு உளையில், கால் வைத்தால் முழங்கால் வரை போகிற இடத்தில், நம் களி பட்டன் இடுக்குகளை அடைத்துவிடும். அடைத்த டயரும் வழுக்கை டயரும் ஒன்றுதான். க்ரெட்டா முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. வேதாரண்யம் பக்கத்து மணல் தோப்புகளில் கதை வேறு: அங்கே காற்றை 33-இலிருந்து 22 பி.எஸ்.ஐ. வாக்கில் இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மிதந்து போகும். தார் ஏறும் முன் மறுபடி நிரப்ப, சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடாகி உள்ளே நைந்துவிடும்.

இரும்பு ரிம்முக்கென்று ஒரு தொல்லை உண்டு. வயலுக்குப் போய் வந்த மறுநாள் 80-இல் ஸ்டியரிங் நடுங்கினால் நேராக பேலன்சிங் கடைக்குப் போகாதீர்கள். ரிம்மின் உள் பீப்பாயில் களி அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு பக்கமாக ஒட்டிய கைப்பிடி மண் போதும், பேலன்ஸ் போய்விடும். சக்கரத்தின் பின்பக்கம் கை விட்டு, மரக்குச்சியால் சுரண்டி, பைப் வைத்து அலசினால் நடுக்கம் நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போதே கழுவினால் இரண்டு நிமிட வேலை. காய்ந்தால் உளி கேட்கும்.

கழற்றிய 17 அங்குல செட்டைப் பட்டறையில் வைக்கவில்லை. கிரைண்டரும் வெல்டிங்கும் ஓடும் இடத்தில் ஓசோன் உண்டாகும். அது ரப்பரில் நுண்வெடிப்பு விடச் செய்யும். வீட்டு நெல் அறையில், வெயில் படாத மூலையில், பலகை மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, சாக்கு போர்த்தியிருக்கிறேன். ரிம்மோடு இருக்கும் டயர் படுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயர் என்றால் நிற்க வைத்து, அவ்வப்போது உருட்டி வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் முன் இடது, பின் வலது என்று எழுதியிருக்கிறேன். தையில் மாட்டும்போது முன்னது பின்னுக்குப் போகும்.

மிச்சம் இருப்பது ஸ்டெப்னி. அது இன்னும் 205/65 சாதா டயர், ஏ.டி. செட்டைவிட விட்டத்தில் 13 மி.மீ. குறைவு. முன்னால் பஞ்சர் ஆனால், பின் சக்கரம் ஒன்றை முன்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டுக்கொள்கிறேன். முன் இரண்டும் ஒரே விட்டமாக இருந்தால், இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கு வீண் வேலை இல்லை; சேற்றில் இழுக்கும் சக்கரம் இரண்டுக்கும் பட்டனும் இருக்கும். கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆகும், மழையில் நனைய வேண்டும். அதே ஏ.டி. டயர் ஒற்றையாகக் கிடைத்தால் ஸ்டெப்னி ரிம்மிலும் அதையே ஏற்றிவிடலாம் என்று பஞ்சர் கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.